செகண்ட் வயலின்ல போட்டுட்டாங்க

அண்ணா வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டில இருந்து எழுதுறேன். என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. சின்ன வயசுல இருந்து கர்நாடக வயலின், இப்ப ரெண்டு வருஷமா வெஸ்டர்னும் கத்துக்கிறா. சேலம், ஏற்காடு, நாமக்கல், தர்மபுரி பசங்களை எல்லாம் சேத்து ஞாயித்துக்கிழமை ஒரு யூத் ஆர்கெஸ்ட்ரா நடத்துறாங்க, அதுல செலக்ட் ஆயிட்டா. ஆனா செகண்ட் வயலின்ல கடைசி வரிசைல உக்கார வச்சுட்டாங்க. வீட்ல அவ பார்ட்டை மட்டும் வாசிச்சா என்ன பாட்டுன்னே தெரியல, அதே ரெண்டு மூணு சுரம்தான் திரும்பத் திரும்ப வருது. பேண்ட் செட் குடும்பத்துப் பையன் ஒருத்தன் கிளாரினெட்டுக்கு வந்திருக்கான், அவனுக்கு நோட்டேஷன் தெரியாதாம், பிரேக்ல இவளைத்தான் சொல்லிக்கொடுக்கச் சொல்றாங்க. கிரேடு எக்ஸாம் நேரத்துல இதெல்லாம் எதுக்குன்னு வீட்டுக்காரர் கேக்குறார். கர்நாடக வயலின் டீச்சர் கை கெட்டுடும்ங்கறாங்க. இப்ப வயோலாவுக்கு மாறுறியான்னு வேற கேட்டிருக்காங்க. மே மாசம் ஏற்காட்டுல கேம்ப் இருக்கு, அதுக்குள்ள முடிவு பண்ணணும். நிறுத்திடலாமா?

பதில்:

வணக்கம்ங்க. நிறுத்தாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், இதை மட்டும் முதல்ல சொல்லிடுறேன்.

செகண்ட் வயலின்ங்கறது ரெண்டாவது ரேங்க் இல்லைங்க, அது வேற வேலை. மெட்டு பெரும்பாலும் ஃபர்ஸ்ட் வயலின் கையில இருக்கும், அதுக்கு அடியில ஸ்ருதியும் தாளமும் சேந்த ஒரு தளம் வேணும்ல, அதைப் போடுறது செகண்ட் வயலினும், வயலினை விடக் கொஞ்சம் பெருசான வயோலாவும்தான். நம்ம ராஜா சார் பாட்டுல வயலின்கள் கூட்டமா வர்ற இடத்தை ஒரு தடவை நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, மேல ஓடுற மெட்டை விட்டுட்டு அதுக்குக் கீழ என்ன ஓடுதுன்னு மட்டும் தேடுங்க, ஒவ்வொரு செக்ஷனுக்கும் தனித்தனியா ஸ்டாஃப் நோட்டேஷன்ல, அதாவது அஞ்சு கோட்டுக் குறியீட்டுல எழுதி வைக்கிற மனுஷன் அவர், அந்த அடி வரி இல்லேன்னா மேல இருக்கிறது வெறும் ட்யூன்தான். உங்க பொண்ணு வாசிக்கிற அந்த ரெண்டு மூணு சுரம் அந்த மாதிரி வரிதான், வீட்ல தனியா கேட்டா ஒண்ணுமே புரியாது, ஹால்ல நாப்பது பேர் நடுவுல கேட்டாத்தான் அது எதைத் தாங்குதுன்னு தெரியும்.

கடைசி வரிசையும் அப்படித்தான். முன்னாடி உக்காந்திருக்கிற பொண்ணுக்கு, கை அசைச்சு ஆர்கெஸ்ட்ராவை நடத்துற கண்டக்டர் பக்கத்துல, ஃபாலோ பண்றது சுலபம், கடைசில இருக்கிறவளுக்கு முன்னாடி வரிசையோட வில்லு எந்தப் பக்கம் போகுதுன்னு ஒரு கண்ணு, கண்டக்டர் கை மேல ஒரு கண்ணு, பேப்பர் மேல ஒரு கண்ணு, அதோட பின்னாடி இருந்து வர்ற கிளாரினெட்டுக்கு ஒரு காது வேணும். நான் இங்க பசங்க ஒத்திகை நடக்கிறப்ப போய் உக்காந்து பாத்திருக்கேன். ஒரு ஸ்டாண்டுக்கு ரெண்டு பேர், உள்பக்கம் இருக்கிற பிள்ளை வாசிக்கிறதை நிறுத்திட்டுப் பக்கம் திருப்பணும், வெளிப்பக்கம் இருக்கிற பிள்ளை நிறுத்தாம வாசிக்கணும். திருப்பினவ திரும்ப எந்த இடத்துல வந்து சேரணும்ங்கறதை உதடு மட்டும் அசைய எண்ணிக்கிட்டு இருப்பா, ஒன் டூ த்ரீ ஃபோர், டூ டூ த்ரீ ஃபோர், த்ரீ டூ த்ரீ ஃபோர்னு. பன்னண்டு பார் ரெஸ்ட் வந்தா, அதாவது பன்னண்டு தாள அளவு வாசிக்காம இருக்கணும்னா, பன்னண்டையும் எண்ணணும். வெளிய இருந்து பாக்கிறவங்களுக்கு சும்மா உக்காந்திருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனா ஒத்திகையில கஷ்டமான வேலையே அதுதான், அதுல தப்பினா மொத்த செக்ஷனும் தப்பும்.

வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. கிரேடு பரீட்சையில சைட் ரீடிங்னு ஒண்ணு இருக்கும், பாக்காத பேப்பரைக் குடுத்து வாசிக்கச் சொல்வாங்க, தனியா கிளாஸ் போற பசங்க நிறைய பேர் திணறுறது அங்கதான், ஏன்னா வருஷம் பூரா அதே மூணு பீஸைத் தேய்ச்சுக்கிட்டு இருப்பாங்க. ஆர்கெஸ்ட்ரால வாரா வாரம் புதுப் பேப்பர் வரும், நின்னு திருத்திக்க நேரம் கிடைக்காது. எக்ஸாமை ஒரு செஷன் தள்ளிப் போட்டாலும் ஒண்ணும் கெட்டுப்போகாதுங்கறது என் கருத்து.

டீச்சர் சொல்றதை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க, அவங்க பயம் நியாயமானது. தரையில உக்காந்து வயலின் தலையைக் கணுக்கால்ல வச்சு வாசிக்கிற கையும், நாற்காலில நிமிந்து உக்காந்து தோள்ல தாங்குற கையும் வேற வேற. ஒரு பக்கம் நாலு தந்தியும் ச ப ச ப, பாடுறவங்க ஸ்ருதிக்கு ஏத்த மாதிரி, இன்னொரு பக்கம் ஜி டி ஏ ஈ, ஏ பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸ். சுரத்தை அசைச்சு வாசிக்கிற கமகம் பழகின விரல் ஒரு சுரத்துல அசையாம நிக்கிறதுக்கு நாளாகும், ஆர்கெஸ்ட்ரால அது நிக்கணும், இல்லேன்னா பக்கத்துல இருக்கிறவளோட சேராது. ஆனா இந்த ரெண்டும் ஒரே வீட்ல இருந்திருக்கு பாருங்க. பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டுத்தான் அதை நம்ம சங்கீதத்துக்குக் கொண்டு வந்தார், அவர் அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சங்கராபரணத்துல நோட்டுஸ்வரம் எழுதினார். டீச்சர்கிட்ட இவ நோட்டுஸ்வரத்துல ஒண்ணை ரெண்டு விதமாவும் வாசிச்சுக் காட்டட்டும். கர்நாடக சாதகத்துக்கு தினமும் ஒரு நேரம் கண்டிப்பா ஒதுக்கணும், அதுல நான் டீச்சர் பக்கம்தான்.

இப்ப அந்தப் பையன். உங்க கடிதத்துல எனக்கு மனசு நின்னது அங்கதான். நோட்டேஷன் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க, ஆனா அந்தப் பையன் காது எப்படின்னு உங்க பொண்ணைக் கேட்டுப் பாருங்க. கல்யாணத்துலயும் திருவிழாவுலயும் அப்பா, சித்தப்பா கூட நடந்துக்கிட்டே, வெயில்ல, பக்கத்துல டிரம் அடிக்கிறப்ப ஸ்ருதி விடாம வாசிக்கிற கூட்டத்துல வளந்த பையன்ங்க அவன். பி ஃப்ளாட் கிளாரினெட்ல பேப்பர்ல இருக்கிற சி-யை வாசிச்சா வெளிய வர்றது பி ஃப்ளாட், இது புரியாம காலேஜ் பசங்களே முழிப்பாங்க, அவன் கேட்டே சரி பண்ணிடுவான். உங்க பொண்ணு அவனுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கட்டும், அவ அவன்கிட்ட இருந்து கேக்கக் கத்துக்கட்டும். வெனிசுவேலால ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-ல ஆரம்பிச்ச எல் சிஸ்டெமாங்கற பிள்ளைங்க ஆர்கெஸ்ட்ரா திட்டத்துல இதுதான் முறையே, கொஞ்சம் தெரிஞ்ச பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும், தனியாத் தேறின பிறகு கூட்டத்துல சேக்கிறதுன்னு இல்லாம முதல்ல இருந்தே கூட்டத்துலதான் கத்துக்குவாங்க, குஸ்தாவோ துதாமெல் மாதிரி உலகம் சுத்துற கண்டக்டர் அங்க இருந்து வந்தவர்தான். சென்னையில ஏ.ஆர். ரஹ்மானோட சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்காக வந்ததுதான். சேலத்துல காத்து வாத்தியம் தெரிஞ்ச பிள்ளைங்க இருக்காங்க, அவங்க முகூர்த்த நாள்ல ஒத்திகைக்கு வர முடியாது, அது அவங்க வீட்டுச் சம்பளம், அதுக்கேத்த மாதிரி நாள் குறிக்கணும்னு நடத்துறவங்ககிட்ட பெத்தவங்க நீங்களே சேந்து கேளுங்க. இதை நான் ரொம்ப வேண்டிக் கேக்குறேன்.

வயோலா கேட்டா சரின்னு சொல்லுங்க. தந்தி சி ஜி டி ஏ, வயலினுக்கு அஞ்சு சுரம் கீழ, விரல் வைக்கிற முறை அதேதான், பேப்பர் மட்டும் ஆல்ட்டோ கிளெஃப்ல, அதாவது கோட்டுல சுரங்களோட இடம் மாறி இருக்கும், கொஞ்ச நாள் குழப்பும். இவ கை நீளத்துக்கு எந்த சைஸ்னு பாத்து அவங்ககிட்டயே இரவல் வாங்குங்க, இப்பவே காசு போட்டு வாங்காதீங்க. வயோலாவுக்கு எங்கயும் ஆள் குறைவு, இடம் கிடைக்கும். செக் நாட்டு இசையமைப்பாளர் த்வோர்ஷாக் இளவயசுல தியேட்டர் ஆர்கெஸ்ட்ரால வயோலா வாசிச்சவர்தான்.

கேம்ப்புக்கு அனுப்பறதுல ஒரு விஷயம். நம்ம ஊர் மே மாச வெயில்ல மரம் காஞ்சு, தந்தியை முறுக்குற பிரடை நழுவும், இருபது ஹேர்பின் ஏறி 1515 மீட்டர் மேல போனா பனி ஈரத்துல அதே பிரடை ஊதி இறுகிக்கும். பலமாத் திருகாதேன்னு சொல்லுங்க. நாலு தந்தியையும் ஒரே சமயத்துல தளர்த்தவே கூடாது, தந்தியைத் தாங்குற குதிரை சாஞ்சிடும், உள்ள பசை இல்லாம அழுத்தத்துலயே நிக்கிற சின்ன மரக்குச்சியும் விழுந்துடும், அதை நிறுத்த நல்ல ரிப்பேர்காரர் வேணும். பஸ்ல மேல கேரியர்ல போடாம மடியிலயே வச்சுக்கட்டும், நிறுத்தின கார்ல விடவே வேண்டாம். பெட்டில ஒரு ஈ தந்தி, வில்லுக்குத் தேய்க்கிற ரோசின், மெல்லிசு துணி, ரெண்டு பென்சில் போட்டு விடுங்க. கீழ் வில்லுக்குக் கவுத்துப் போட்ட ப மாதிரி ஒரு குறி, மேல் வில்லுக்கு வி, அதை வாரா வாரம் மாத்தி எழுதச் சொல்வாங்க, அதனால பேனா வேண்டாம்.