போனைக் காட்டினால்தான் சோறு இறங்குகிறது

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எங்களுக்கு ஒரே மகள், மூன்றரை வயது. கணவர் தோஹாவில் வேலை பார்க்கிறார். நான் காலை 9 மணிக்குக் கடை வேலைக்குப் போனால் மாலை 6:30க்குத்தான் வருவேன். பகலில் அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். யூடியூப் ஓடினால்தான் மகள் வாயைத் திறக்கிறாள். சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே பார்ப்பாள். ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பசிக்குமே என்று மூன்று வேளை பாலும் கொடுக்கிறோம்.

போன மாதம் போனை ஒளித்து வைத்தேன். இரண்டு நாள் தரையில் உருண்டு அழுதாள். மூன்றாம் நாள் இரவு தலையைச் சுவரில் முட்டினாள். பயந்துபோய்க் கொடுத்துவிட்டேன். இப்போது பிடிவாதம் முன்பைவிட அதிகம். "முட்டி வலியோட இவ பின்னாடி ஓட முடியாது, போன் இல்லாட்டி பிள்ளை பட்டினிதான்" என்கிறார் அத்தை. "அந்தப் போன்லதான் நான் பிள்ளை முகத்தைப் பார்க்கிறேன், அதையும் பிடுங்கிடாதே" என்கிறார் கணவர். தினமும் இரவு 8:30க்கு, சாப்பாட்டு நேரத்தில்தான் அவர் அழைப்பார். பேசி முடித்ததும் யூடியூப் கேட்டு அழுகை. என்ன செய்ய?

ஒரு தாய், ராமநாதபுரம் மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

கணவரின் அழைப்பை நிறுத்த வேண்டாம். வீடியோ அழைப்பில் குழந்தை பேசினால் அந்த முகம் பதில் சொல்கிறது, சிரித்தால் சிரிக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு ஒன்றரை வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரையே கூடாது என்றபோதும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்தது. மாற வேண்டியது சாப்பாட்டு நேர யூடியூப். 3, 4 வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. உங்கள் மகளுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே மூன்று மணி நேரம் போகிறது.

திரையைப் பார்த்தபடி சாப்பிடும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. மெல்ல மறந்து கன்னத்தில் அடக்குவது அதனால்தான். சட்டென்று சிரித்தால் புரையேறும் அபாயமும் உண்டு.

சென்ற முறை ஏன் தோற்றது? வழக்கமாகக் கிடைப்பது நின்றால், அடங்குவதற்கு முன் அழுகை ஒருமுறை உச்சத்துக்குப் போகும். அந்த உச்சத்தில் போனைக் கொடுத்துவிட்டீர்கள். மூன்று நாள் அழுதால் போன் வரும் என்று அவள் கற்றுக்கொண்டாள். ஆகவே, முடிக்க முடியும் என்ற உறுதி வந்த பிறகே மறுபடி தொடங்குங்கள்.

முதலில் பாலைக் குறையுங்கள். மூன்று தம்ளர் என்றால் ஏறக்குறைய 600 மில்லி. அதுவே பசியைக் கொன்றுவிடும். காலையும் மாலையும் 200 மில்லி வீதம் போதும். சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டரை மணி நேரம் தண்ணீர் மட்டும். பிஸ்கட்டும் வேண்டாம். இதை நான்கு நாள் செய்தபின், உங்கள் விடுமுறை நாளில் காலைச் சாப்பாட்டை மட்டும் போன் இல்லாமல் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து இரவு, அதற்கடுத்த வாரம் மதியம். எல்லா வேளையையும் ஒரே நாளில் மாற்றினால் அத்தைதான் முதலில் தளர்ந்துபோவார்.

பாயில் எல்லோருடனும் உட்காரட்டும். அவளுக்கென்று ஒரு தட்டு, அதில் அரை இட்லி. கேட்டால் அடுத்த பாதி. கையால் அவளே எடுக்கட்டும், சிந்தட்டும். என்ன உணவு, எப்போது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது அவள் முடிவு. 25 நிமிடத்தில், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். பின்னால் ஓட வேண்டாம். அத்தையின் முட்டிக்கும் அது நல்லது. அத்தையிடம் இதைக் குற்றமாகச் சொல்லாதீர்கள். தனியாக ஒரு பிள்ளையைப் பகல் முழுவதும் சமாளிப்பவருக்குப் போன் ஒன்றுதான் துணையாக இருந்திருக்கிறது. கூடவே உட்கார்ந்து அவரும் சாப்பிட்டால் போதும். பெரியவர்களின் போன்களும் அந்த நேரம் அடுத்த அறையில் இருக்கட்டும்.

தலையை முட்டினால் சுவரிலிருந்து விலக்கி, பின்னால் தலையணை வைத்து, பக்கத்திலேயே பேசாமல் இருங்கள். அடங்கியதும் அணைத்துக்கொள்ளுங்கள். போனைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். எடை கூடவில்லை, நான்கைந்து உணவு தவிர எதையும் தொடவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை, மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், இவற்றைத் தொடங்கும் முன் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி அழைப்பு. கத்தார் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. உங்கள் 8:30 அவருக்கு மாலை 6. அவர் வேலை நேரத்தை மாற்ற முடியாது, மகளின் சாப்பாட்டை 7:15க்கு நகர்த்த முடியும். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை என்றால் அன்று பகலில் நீண்ட நேரம் பேசட்டும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், செக்யூரிட்டி பகுதிக்குள் 'ஆப் பின்னிங்' இருக்கும். அதை இயக்கி வாட்ஸ்அப்பைப் பூட்டிவிட்டால் பேசும்போது யூடியூபுக்குத் தாவ முடியாது. திறக்க ரகசிய எண் (PIN) கேட்கும்படியும் வையுங்கள். சிவப்புப் பட்டனை அழுத்தி அழைப்பை முடிப்பது தினமும் அவள் வேலையாக இருக்கட்டும். முடிந்ததும் போன் பீரோவுக்குள் போகட்டும், அவள் தூங்கப் பாய்க்குப் போகட்டும்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். தூரத்தில் இருக்கும் அப்பாக்களின் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்பதாகவே இருக்கும். இந்த ஒரு மாதம் அதைக் கேட்க வேண்டாம். அன்று அவள் வரைந்ததைக் காட்டச் சொல்லிப் பேச்சைத் தொடங்கட்டும்.