துணி காயும் டிரெட்மில்

கேள்வி: எனக்கு வயது 61. கணவர் காலமானபின் கல்லிடைக்குறிச்சி வீட்டைப் பூட்டிவிட்டு, பாளையங்கோட்டையில் மகனுடைய மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. எடை 6 கிலோ கூடிவிட்டது. மாடிப்படி இறங்கினால் முழங்கால் வலிக்கிறது. ஊரில் காலையில் ஆற்றுக்கும் கோயிலுக்கும் போய்வர நாற்பது நிமிடம் நடப்பேன். மற்றபடி உடற்பயிற்சி என்று எதுவும் செய்ததில்லை. மகன் வாங்கித்தந்த டிரெட்மில்லில் இப்போது துணி காய்கிறது. நான் சோம்பேறியாகிவிட்டேனா?

பதில்: இல்லை, அம்மா. அந்த நாற்பது நிமிடத்தை ஏழு நாளுக்குப் பெருக்கினால் 280. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் ஓரளவு வேகமாக நடப்பதுபோல் உடலை அசைக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாமிரபரணியில் குளிக்கப் போனதிலேயே உங்கள் கணக்கு நேராகிவிட்டது. போதாததற்குப் படித்துறை ஏற்றம், இடுப்பில் ஈரத்துணி வாளி.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரில் அரிவாள்மனை தரையில் இருந்திருக்கும். காய் நறுக்க உட்காருவீர்கள், அடுப்பில் பால் பொங்கினால் எழுவீர்கள், மறுபடி உட்காருவீர்கள். முழங்காலைத் தாங்கும் தொடைத் தசைக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. இங்கே மேடைச் சமையல், வாசலில் பால் பாக்கெட், மாடிக்கு லிஃப்ட். வீடு மாறியதில் இத்தனையும் ஒரே நாளில் நின்றுபோயின. கணவருக்கென்று எழுந்து செய்த வேலைகளும் அதற்கு முன்பே நின்றுவிட்டன. தூக்கமோ பசியோ குறைந்திருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். முழங்காலை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள்.

நான் டிரெட்மில்லை நம்புகிறவன் அல்ல. போக ஓர் இடம் இருந்தால்தான் கால் நகரும். பால் பாக்கெட் போடுகிறவரை நிறுத்திவிட்டு நீங்களே கடைக்குப் போங்கள். பிரதான சாலை வேண்டாம். நாலு பேர் ‘எங்கே இந்தப் பக்கம்?’ என்று கேட்கிற உள்தெருவாகப் பாருங்கள். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். சித்திரை வெயிலில் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். வாரம் ஒருநாள் நெல்லையப்பர் கோயில். சுவாமி சந்நிதியிலிருந்து சங்கிலி மண்டபம் வழியாகக் காந்திமதி அம்மன் சந்நிதிக்குப் போய், பிரகாரமும் சுற்றிவந்தால் நிழலிலேயே நல்ல நடை.

படி இறங்கும்போதுதான் முட்டிச் சிப்பியில் அழுத்தம் கூடுதல். ஆகவே இறங்க லிஃப்ட். ஏறும்போது இப்போதைக்கு ஒரு மாடி மட்டும் கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள். வலி கூடினால் அதுவும் வேண்டாம். தரையில் உட்காருவதையும் தள்ளிப்போடுங்கள். அதற்குப் பதிலாக, சுவரோடு ஒட்டிப் போட்ட உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள், காலையும் மாலையும். முழங்கால் வீங்கினாலோ, நடக்கையில் நெஞ்சு அடைத்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பிட்டதும் பத்து நிமிடம் வராந்தாவில் நடப்பது இரத்தச் சர்க்கரைக்கு நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு வெளியே தலைகாட்ட முடியாத நாட்களில், டிரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கலாம். அதுவரை துணி காயட்டும்.