பெய்ஜிங்குக்கு இல்லாத அவசரம்

கேள்வி: இன்னும் பத்தே வருடத்தில் ராணுவ பலத்தில் சீனா அமெரிக்காவை முந்திவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா? அமெரிக்காவின் கொட்டம் அடங்கினால் நமக்கும் நல்லதுதானே?
ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சீனாவுக்கே இல்லாத அவசரம் உங்களுக்கு இருக்கிறது. 2017 அக்டோபரில் நடந்த கட்சி மாநாட்டில் ஷி ஜின்பிங் தன் படைக்கு இரண்டு கெடு வைத்தார். 2035க்குள் படையை நவீனப்படுத்தி முடிக்க வேண்டும். நூற்றாண்டின் நடுவில் அது 'உலகத் தரமான' படையாகிவிட வேண்டும். நடு என்று அவர்கள் மனதில் வைத்திருப்பது 2049ஐ, மக்கள் குடியரசுக்கு நூறு வயதாகும் வருடத்தை. அப்போதும் முதலிடம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. நம் ஊர் யூடியூப் நிபுணர்கள்தான் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் கையில் வைத்திருக்கும் ஆதாரம் பெரும்பாலும் கப்பல் எண்ணிக்கை. அது பொய்யில்லை. எண்ணிக்கையில் இன்று உலகிலேயே பெரியது சீனக் கடற்படைதான். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனின் சொந்த அறிக்கையே 370 கப்பல்களுக்கு மேல் என்கிறது. அமெரிக்காவிடம் இருப்பது 300க்குச் சற்றுக் குறைவு. ஆனால் இந்தக் கணக்கில் கார்வெட் என்ற சின்னப் போர்க்கப்பலும் ஒன்றுதான், லட்சம் டன் விமானம்தாங்கியும் ஒன்றுதான். அமெரிக்காவிடம் 11 பெரிய விமானம்தாங்கிகள், எல்லாமே அணுசக்தியில் ஓடுபவை. சீனாவிடம் மூன்று, மூன்றும் எண்ணெயில் ஓடுபவை. அமெரிக்க நீர்மூழ்கிகள் அத்தனையும் அணுசக்தி. சீனாவுடையவற்றில் பெரும்பாலானவை டீசல். ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனமான சிப்ரியின் கணக்குப்படி 2024இல் அமெரிக்காவின் ராணுவச் செலவு 99,700 கோடி டாலர், சீனாவின் செலவு சுமார் 31,400 கோடி. சீனாவில் சம்பளம் குறைவு, கப்பல் கட்டும் செலவும் குறைவு என்பதால் உண்மையான இடைவெளி இதைவிடச் சின்னது. இருந்தாலும் பெரிய இடைவெளிதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு 'சீனாவால் ஆகாது' என்று முடித்தால் அதுவும் வாய்ப்பந்தல்தான். லியாவ்னிங் கப்பலின் கதையைக் கேளுங்கள்.

உக்ரைனின் மிக்கலாயிவ் கப்பல் தளத்தில் சோவியத் கடற்படைக்காகக் கட்டிக்கொண்டிருந்த விமானம்தாங்கி அது. அப்போது அதன் பெயர் வர்யாக். பாதியில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. முடிக்கப் பணமில்லை, துருப்பிடித்துக் கிடந்தது. 1998இல் ஹாங்காங் வணிகர் ஒருவர் 2 கோடி டாலருக்கு வாங்கினார். எதற்கென்றால், மக்காவ் கரையில் மிதக்கும் சூதாட்ட விடுதியாக்கப் போகிறாராம்! தானாக நகர முடியாத அந்தக் கூட்டை இழுத்து வந்தபோது, பாஸ்பரஸ் நீரிணைக்குள் விட மாட்டேன் என்றது துருக்கி. கயிறு அறுந்து குறுக்கே நின்றால் மொத்தப் போக்குவரத்தும் நின்றுபோகும் என்ற பயம். ஒரு வருடத்துக்கு மேல் கருங்கடலிலேயே சுற்றியது. சீன அரசு தலையிட்டுப் பேசிய பிறகு 2001 நவம்பரில் வழி கிடைத்தது. தாண்டியதும் ஏஜியன் கடலில் புயல் அடித்தது, கயிறு நிஜமாகவே அறுந்தது. சொந்த எஞ்சினில் ஓடாத கப்பலை சூயஸ் கால்வாயும் ஏற்கவில்லை. ஜிப்ரால்டர், நன்னம்பிக்கை முனை, மலாக்கா என்று உலகத்தையே சுற்றிக்கொண்டு 2002 மார்ச்சில் டாலியன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. சூதாட்ட விடுதியைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. 2012இல் அது சீனக் கடற்படையின் முதல் விமானம்தாங்கி ஆனது.

அதைப் பார்த்துக் கற்று 2019இல் ஷான்டோங்கைத் தாங்களே கட்டிச் சேர்த்தார்கள். 2025 நவம்பரில் ஃபூஜியன் வந்தது. மின்காந்த விசையால் விமானத்தை உந்தி எறியும் கருவி அதில் இருக்கிறது. அதற்கு முன் அந்தக் கருவியோடு ஓடிய ஒரே போர்க்கப்பல் அமெரிக்காவின் ஜெரால்ட் ஃபோர்டு. இழுத்து வந்த இரும்புக் கூட்டிலிருந்து இந்த இடத்துக்கு வர 23 வருடம்! அமெரிக்க அட்மிரல்களுக்குத் தூக்கம் கெட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

இந்த வெறி எங்கிருந்து வந்தது? 1996 மார்ச். தைவானில் முதல் முறையாக மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். மிரட்டுவதற்காகத் தைவானை ஒட்டிய கடலில் ஏவுகணைகளை விட்டது சீனா. அமெரிக்க அதிபர் கிளிண்டன் இரண்டு விமானம்தாங்கி அணிகளை அனுப்பினார். சீனாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த அவமானத்துக்குப் பிறகு சீன ராணுவம் செய்த முக்கால்வாசி வேலை ஒரே கேள்விக்கான விடைதான்: அடுத்த முறை அந்தக் கப்பல்களைக் கிட்டே வரவிடாமல் செய்வது எப்படி? கப்பலைக் குறிவைக்கும் டிஎஃப்-21டி ஏவுகணை அப்படித்தான் வந்தது. அமெரிக்கத் தளம் இருக்கும் குவாம் தீவு வரை எட்டும் டிஎஃப்-26உம் அப்படித்தான்.

தைவான் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர். அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து அங்கே வரப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். தன் வீட்டு வாசலில் சண்டை போடுகிறவன் ஊருக்கே பயில்வானாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே முந்துமா என்று கேட்பதற்கு முன் எங்கே என்று கேளுங்கள். அந்தக் கடலில் சீனா பாதி முந்திவிட்டது என்பதுதான் என் கணிப்பு. 1996இல் செய்ததை இன்று எந்த அமெரிக்க அதிபரும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய மாட்டார்.

அமெரிக்காவுக்கு உண்மையான தலைவலி ஏவுகணையைவிடக் கப்பல் தளம். கான்ஸ்டலேஷன் என்ற ஃப்ரிகேட் போர்க்கப்பல் வகையைக் கட்ட 2020இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஐரோப்பாவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் வரைபடம். அப்படியே எடுத்துக் கட்டினால் சீக்கிரம் முடியும் என்று திட்டம். கடற்படை அதிகாரிகள் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று திருத்தித் திருத்தி மூலக் கப்பலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் ஆக்கினார்கள். வேலை வருடக்கணக்கில் இழுத்தது. 2025 நவம்பரில் இரண்டு கப்பலோடு போதும் என்று மற்றதை ரத்து செய்துவிட்டார்கள். வர்ஜீனியா வகை நீர்மூழ்கி வருடத்துக்கு இரண்டு வேண்டும். வருவது ஒன்றேகால்கூட இல்லை. அதே நேரம் உலகின் வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் சீனத் தளங்களில் தயாராகின்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,700க்கு மேல் லிபர்ட்டி சரக்குக் கப்பல்களைக் கட்டித் தள்ளியது. ஜப்பான் இழந்த கப்பலுக்கு மாற்றுக் கட்ட முடியாமல் தவித்தது. இன்று நீண்ட போர் ஒன்று வந்தால் அன்றைய அமெரிக்காவின் இடத்தில் இருக்கப் போவது சீனா.

சக்திவாய்ந்த காந்தம் செய்யத் தேவைப்படும் அரிய மண் தனிமங்கள் இன்னொரு கூத்து. ஓர் எஃப்-35 போர் விமானத்துக்குள் 400 கிலோவுக்கு மேல் அவை இருக்கின்றன. உலகில் அவற்றைச் சுத்திகரிக்கும் வேலையில் ஏறக்குறைய 90 சதவீதம் சீனாவின் கையில். 2025 ஏப்ரலில் ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது பெய்ஜிங். எதிரியோடு மோதச் செய்யும் விமானத்துக்கு அந்த எதிரியிடமே சரக்குக் கேட்டு நிற்க வேண்டிய நிலை.

அப்படியானால் உலக அளவில் ஏன் தயங்குகிறேன்? பழைய கணக்கைப் புரட்டிப் பாருங்கள். பொருளாதாரத்தில் அமெரிக்கா பிரிட்டனை 19ஆம் நூற்றாண்டிலேயே தாண்டிவிட்டது. கடற்படையில் சமம் என்று பிரிட்டன் எழுதிக் கொடுத்தது 1922இல், வாஷிங்டன் ஒப்பந்தத்தில். உண்மையில் தாண்டியது இரண்டாம் உலகப் போரின் நடுவில்தான். இடையில் அரை நூற்றாண்டும் இரண்டு உலகப் போர்களும் தேவைப்பட்டன. அதுவும் எப்படி? சண்டை போட்டா? 1940இல் ஹிட்லரிடம் சிக்கித் திணறிய பிரிட்டன், அமெரிக்காவின் 50 பழைய டெஸ்ட்ராயர் போர்க்கப்பல்கள் வந்தால் போதும் என்று கரீபியத் தீவுகளில் தளம் அமைக்க 99 வருடக் குத்தகை கொடுத்தது. 1956இல் எகிப்தின் சூயஸில் பிரிட்டன் படையை இறக்கியபோது அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் ஒரு குண்டும் போடவில்லை. சரிந்துகொண்டிருந்த பவுண்டைத் தாங்கிப் பிடிக்க மறுத்தார், அவ்வளவுதான். லண்டன் படையைத் திருப்பிக்கொண்டது.

முண்டியடித்து முந்தப் பார்த்தவர்களும் உண்டு. 1898 முதல் பிரிட்டனோடு போட்டி போட்டுப் போர்க்கப்பல் கட்டிய ஜெர்மனி, போரில் தோற்று, 1919 ஜூனில் பிரிட்டனின் ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்தில் தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. அணுகுண்டு எண்ணிக்கையில் 1970களின் கடைசியில் சோவியத் ஒன்றியம் அமெரிக்காவை நிஜமாகவே முந்தியது. விரலுக்குத் தகுந்த வீக்கமாக அது இல்லை. 1991இல் குண்டுகள் இருந்தன, நாடு இல்லை. சீனா இந்தப் பாடத்தை வரி விடாமல் படித்திருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவுக்கு இணையாகச் செலவழிக்க அது அவசரப்படவில்லை.

சீனாவிடம் இல்லாதது துணை. ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா என்று அந்த வட்டாரத்திலேயே அமெரிக்காவுக்கு ஒப்பந்தக் கூட்டாளிகள் வரிசையாக நிற்கிறார்கள். ராணுவ ஒப்பந்தம் உள்ள கூட்டாளி என்று சீனா காட்டக்கூடியது வடகொரியா ஒன்றைத்தான். வெளிநாட்டில் வெளிப்படையான சீன ராணுவத் தளம் என்றால் 2017இல் திறந்த ஜிபூட்டி. இலங்கையின் ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தை அதே வருடம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது ஒரு சீன நிறுவனம். 2022இல் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அங்கே வந்து நின்றதற்கே டெல்லியில் எவ்வளவு பதற்றம் என்று பார்த்தோம். அனுபவமும் இல்லை. சீனா கடைசியாகப் பெரிய போரில் இறங்கியது 1979இல், வியட்நாமில், ஒரு மாதம். தளபதிகளின் கதை அதைவிட மோசம். இரண்டு முன்னாள் பாதுகாப்பு அமைச்சர்கள் 2024இல் ஊழல் புகாரில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2025 அக்டோபரில் படையை நடத்தும் மத்திய ராணுவ ஆணையத்தின் துணைத் தலைவர் ஹெ வெய்டோங்கே நீக்கப்பட்டார். தன் தளபதிகளை நம்பாத தலைவர் போருக்குத் துணிவாரா? எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் ஒன்று. அந்தத் துணை பலத்தை அமெரிக்காவே தன் கையால் கரைத்துக்கொண்டிருக்கிறது. 2025இல் டிரம்ப் வரி போட்ட நாடுகளில் ஜப்பானும் தென்கொரியாவும் உண்டு. சீனா இருபது வருடம் முயன்றும் பிரிக்க முடியாத கூட்டாளிகளை வாஷிங்டன் இலவசமாகப் பிரித்துக் கொடுத்தால் என் கணக்கெல்லாம் மாறும். அது நடக்காதவரை, உலகம் முழுக்க என்று கேட்டால் பத்து வருடத்தில் இல்லை, இருபதிலும் நான் எதிர்பார்க்கவில்லை. தைவான் பக்கம் என்றால் பத்து வருடம் காத்திருக்க வேண்டியதே இல்லை.

சரி, நமக்கு நல்லதா? அமெரிக்காவின் கொட்டம் என்று நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். 1971 டிசம்பரில் நம்மை மிரட்ட எண்டர்பிரைஸ் விமானம்தாங்கியை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியவர்கள்தான். 2025 ஆகஸ்டில் நம் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டதில் திருப்பூர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ஆனால் சீனாவோடு நமக்கு 3,488 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. 2020 ஜூனில் கல்வானில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. தன் பக்கம் நால்வர் இறந்ததாகச் சீனா ஒப்புக்கொள்ளவே எட்டு மாதம் ஆனது. அந்தச் சீனாவிடம் 2024-25இல் மட்டும் நாம் விற்றதைவிட ஏறக்குறைய 9,900 கோடி டாலர் அதிகமாக வாங்கியிருக்கிறோம். மேலே சொன்ன ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தபோது காந்தம் கிடைக்காமல் கையைப் பிசைந்தவர்களில் நம் வண்டி உற்பத்தியாளர்களும் உண்டு. அமெரிக்காவின் கொட்டம் அடங்குகிறதோ இல்லையோ, லடாக்கில் நமக்கு எதிரே நிற்பது அமெரிக்கா இல்லை.