கார் மீட்டரில் பாதி விளக்குகள் எரியவில்லை. பல்பை நானே மாற்றலாமா, மெக்கானிக்கிடம்தான் விட வேண்டுமா?

தாராளமாக நீங்களே மாற்றலாம். என் பழைய காரில் நான்தான் மாற்றினேன், நண்பர்களின் வண்டிகளிலும் கை வைத்திருக்கிறேன். பல்பைக் கழற்றி மாட்டுவது நிமிட வேலை. பல்பு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. அதனால் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள்.

மீட்டர் முழுவதும் திடீரென்று இருண்டு போயிருந்தால் பல்பின் மேல் சந்தேகப்பட வேண்டாம். எல்லா பல்புகளும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் போவதில்லை. அப்போது பார்க்க வேண்டியது ஃபியூஸை. பல வண்டிகளில் மீட்டர் விளக்குக்கும் பின்பக்க பார்க்கிங் விளக்குக்கும் ஒரே ஃபியூஸ்தான், அதனால் பின்னால் போய் அது எரிகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அடுத்தது, ஸ்டியரிங் பக்கத்தில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரம். வண்டியைத் துடைக்கும்போது யார் கையாவது பட்டு அது அடிமட்டத்துக்குத் திரும்பியிருக்கும். இதற்காக மீட்டரையே கழற்றிப் பார்த்தவர்கள் உண்டு. உங்களுக்குப் பாதி எரிகிறது, பாதி எரியவில்லை என்பதால் பல்பாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் மீட்டருக்குள் பல்பே கிடையாது. பலகையிலேயே பற்றவைத்த எல்இடிதான். அது சால்டரிங்கில் கை பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. கீழே சொல்வது பல்பு போட்ட வண்டிகளுக்கு மட்டும்.

பழைய மீட்டர்களில் இருப்பது அடிப்பாகமும் கண்ணாடியாகவே இருக்கும் குட்டி பல்பு. பெரும்பாலும் டி5 அல்லது டி10 அளவு. இந்த எண் கண்ணாடிக் குமிழின் தடிமனை ஏறக்குறைய மில்லிமீட்டரில் சொல்வது. டி5 என்றால் வழக்கமாக 12 வோல்ட், 1.2 வாட். வெளிச்சம் அதிகம் வேண்டும் என்று வாட் கூடுதலான பல்பைப் போடாதீர்கள். அந்தச் சூட்டில் ஹோல்டரும் முகப்பு பிளாஸ்டிக்கும் இளகிவிடும். எரியாததை மட்டும் மாற்றாமல் எல்லா பல்புகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். மற்றவையும் அதே வயதுதான், இன்றோ நாளையோ என்று இருக்கும்.

சரி, கழற்றுவோம். பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகு தொடங்குங்கள். ஸ்டியரிங்கை இறக்க முடிந்தால் முழுவதும் இறக்கி, அதன் தண்டின் மேல் ஒரு துணியை விரித்து, சுற்றியுள்ள இடுக்குகளையும் துணியால் அடைத்துவிடுங்கள். மீட்டரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ கைநழுவினால் நேராக அந்த இடுக்குக்குள்தான் போகும், அப்புறம் அதைத் தேடுவது தனி வேலை. காந்த முனை ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் நிம்மதி. மீட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தில் மேல் விளிம்பின் உட்புறம் ஸ்க்ரூ இருக்கும், மீதி எல்லாம் கிளிப். ஸ்க்ரூவை எடுத்த பின்னும் சட்டம் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், கண்ணில் படாத ஸ்க்ரூ இன்னும் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

மீட்டரைச் சற்று முன்னால் இழுத்து, பின்னால் கை விட்டு, கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்ற வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இன்னும் பழைய வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிளும் அங்கேதான் மாட்டியிருக்கும். வெளியே எடுத்த மீட்டரை நிமிர்த்தியே வையுங்கள். சில பழைய மீட்டர்களில் முள் ஆடாமல் இருக்க உள்ளே சிலிகான் எண்ணெய் இருக்கும், கவிழ்த்து வைத்தால் கசியும்.

மீட்டரின் முதுகில் செம்புக் கோடுகள் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதன்மேல் வட்ட வட்டமாக இருப்பவைதான் பல்பு ஹோல்டர்கள். கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். பட்டுப்போன பல்பின் உட்புறம் கருத்தோ வெள்ளிப் பூச்சு போலவோ இருக்கும். ஹோல்டரின் கால்கள் தொடும் இடத்தில் செம்பு மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் இலேசாகத் தேயுங்கள். பல்பு நன்றாக இருந்தும் எரியாததற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. அழுத்தித் தேய்த்தால் கோடே அறுந்துவிடும், பார்த்து. சில பல்புகளின் தலையில் பச்சை அல்லது நீல நிற ரப்பர் தொப்பி இருக்கும். அதைக் கழற்றிப் புதிய பல்புக்கு மாட்டவில்லை என்றால் ஒரு மூலை மட்டும் வேறு நிறத்தில் எரியும்.

எல்இடி பல்பு போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பின்னணி வெளிச்சத்துக்குப் போடலாம். ஆனால் அது ஒரே பக்கம் அடிப்பதால் முகப்பில் ஓரிடம் பளிச்சென்றும் ஓரிடம் மங்கலாகவும் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கும் சக்கரமும் அதற்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம். எனக்கு அந்த வெளிச்சம் பிடிக்காது. போடுவதானால் பிளஸ் மைனஸ் உண்டு, எரியவில்லை என்றால் திருப்பி மாட்டிப் பாருங்கள். பேட்டரி படம் போட்ட சார்ஜ் விளக்குக்கு மட்டும் எல்இடி வேண்டவே வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிப்பது) சார்ஜ் செய்யத் தொடங்குவதற்கான மின்சாரமே அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி விடும் மின்சாரம் அதற்குப் போதாமல் போகும், பேட்டரி இறங்கிக்கொண்டே வரும், காரணமும் பிடிபடாது.

முகப்புக் கண்ணாடியைத் திறக்கும் அவசியமே இல்லை. முள்ளை எந்தக் காரணம் கொண்டும் பிடுங்காதீர்கள், திரும்பச் சரியான இடத்தில் உட்கார வைப்பது கஷ்டம். தூசியாக இருந்தால் ஈரத் துணி போதும். பெட்ரோல், தின்னர் பட்டால் மங்கிவிடும்.

ஸ்க்ரூவை முடுக்குவதற்கு முன், கனெக்டரை மாட்டி, அதன் பிறகு பேட்டரியை இணைத்து, பார்க்கிங் லைட்டைப் போட்டுப் பாருங்கள். இக்னிஷனையும் ஆன் செய்து எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் வருகின்றனவா என்று ஒரு முறை கவனியுங்கள். மீட்டரின் கனெக்டரை மாட்டாமல் இக்னிஷனை ஆன் செய்யாதீர்கள். சில வண்டிகள் அதைப் பழுதாகப் பதிந்துகொண்டு ஏர்பேக் விளக்கை அணைய விடாது, அந்தப் பதிவை அழிக்க, வண்டியின் பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.