விலை கேட்டது குற்றமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 44 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். ஐந்து மாதங்களுக்கு முன் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. மனைவியின் சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் ஓடுகின்றன. கடன் தவணைதான் கழுத்தை நெரிக்கிறது. ஒரே மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

எங்கள் வீட்டில் பொம்மு இருக்கிறாள். லாப்ரடார். கைக்குள் அடங்கும் குட்டியாக வந்தவள். வேலை போன பிறகு பகல் முழுவதும் எனக்குத் துணை அவள்தான். கணினி முன் உட்கார்ந்து நேர்முகத் தேர்வுக்குப் பதில் சொல்லும்போது என் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்வாள். இதுவரை ஒன்பது தேர்வுகள். ஒன்பதிலும் அவள் என்னோடு இருந்தாள்.

போன மாதம் நடைப்பயிற்சியில் பழக்கமான ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல இன நாய்களை வளர்ப்பவர். பொம்முவைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொடுத்துவிடுங்களேன், நல்ல விலை தருகிறேன்" என்றார். நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்த மகள், "கோடி கொடுத்தாலும் அப்பா விற்க மாட்டார்" என்றாள். அதற்கும் சிரித்தேன். ஆனால் அவரை வாசல்வரை வழியனுப்பப் போனபோது, யாருக்கும் கேட்காத குரலில், "எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சொன்ன தொகையில் எட்டு மாதத் தவணையைக் கட்டிவிடலாம். "விற்பதற்கில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு தாளை எடுத்தேன். அதற்கு இப்போது நாலே முக்கால் வயது. இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கும். அதன் சாப்பாடு, தடுப்பூசி, மருத்துவர் செலவு எல்லாவற்றையும் எழுதினேன். அதை விற்றால் வரவு, வைத்திருந்தால் செலவு. ஒரு மணிவரை கூட்டிக் கழித்தேன். அது நாற்காலிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. தாளைக் கிழித்து எறிந்தேன்.

அதிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் அரை மணி நேரம் நடத்திச் சென்றவன் இப்போது ஒன்றரை மணி நேரம் நடத்துகிறேன். இருக்கிற நெருக்கடியில் விலை கூடிய படுக்கை ஒன்றை வாங்கிப் போட்டேன். மனைவி விசித்திரமாகப் பார்த்தார். அவரோ உறவினர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தொகை எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது. அந்த மனிதர் மறுபடியும் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

பாசமாக வளர்த்த நாயைப் பணத்துக்கு விற்பவர்கள் உண்டா? விற்கலாமா என்று ஒருவன் யோசித்துவிட்டாலே அவனுடைய பாசம் பொய்யாகிவிடுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், இரண்டாவது முறை கையில் பென்சிலோடு. தொடக்கத்தில் பொம்மு 'இருக்கிறாள்', 'படுத்துக்கொள்வாள்'. தாளை எடுத்ததும் 'அதற்கு' வயது ஆகிவிடுகிறது, 'அது' தூங்குகிறது. தாள் கிழிந்ததும் மறுபடியும் 'அவள்'. நீங்கள் இதைத் திட்டமிட்டு எழுதியிருக்க மாட்டீர்கள். ஒருவரை விற்க முடியாது, ஒன்றைத்தான் விற்க முடியும். விற்பதைப் பற்றி நினைக்கவே உங்கள் மனம் முதலில் அவளைத் திணை மாற்ற வேண்டியிருந்தது. பாசம் பொய்யாக இருந்திருந்தால் அதற்கு அவசியமே வந்திருக்காது.

உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. பிழைக்க வழியில்லாமல் விற்றவர்கள் உண்டு, வீடு மாறும்போது சுமை என்று விற்றவர்களும் உண்டு. "கோடி கொடுத்தாலும் மாட்டேன்" என்பவர்களும் ஏராளம். அப்படிச் சொல்பவர்களில் பலரிடம் யாரும் பணத்தை நீட்டியதில்லை, அதனால் அந்தப் பேச்சுக்கு நான் பெரிய மதிப்பெண் போடுவதில்லை. உங்களிடம் நீட்டினார்கள், அதுவும் தவணை கட்ட வழியில்லாத மாதத்தில். ஆகவே மற்றவர்கள் சொல்லும் பதிலையும் உங்கள் நிலைமையையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம்.

நம்முடையது என்றாலே விலை ஏறிவிடும் என்பது தனிக் கதை. 1990இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பையைக் கொடுத்துச் சோதித்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தர முன்வந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைக்கே இந்தப் பாடு.

உங்கள் குற்ற உணர்வுக்கு நெருக்கமான ஆய்வு வேறு. பிலிப் டெட்லாக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்டது. ஒரு மருத்துவமனை நிர்வாகியைப் பற்றிய கதையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சிறுவனுக்குப் பெருஞ்செலவில் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை செய்வதா, அந்தப் பணத்தை மருத்துவமனையின் மற்றத் தேவைகளுக்கு வைத்துக்கொள்வதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். நெடுநேரம் யோசித்த பிறகு சிறுவனைக் காப்பாற்றிய நிர்வாகியை, உடனே காப்பாற்றியவரைவிடக் குறைவாகவே மக்கள் மதித்தார்கள். முடிவு சரிதான், ஆனால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்ற கோபம். அந்தப் பேரத்தைப் படித்தவர்களிடமே, உறுப்பு தானப் பிரசாரத்துக்கு உதவலாம் என்ற நாட்டம் கூடியது. ஏதோ அழுக்குப் பட்டதுபோல உணர்ந்து கழுவிக்கொள்ளப் பார்த்தார்கள்.

உங்கள் ஒன்றரை மணி நேர நடையும் புதுப் படுக்கையும் இந்தக் கழுவலைச் சேர்ந்தவைதான். பொம்முவுக்கு நடை பிடித்திருக்கும், சந்தேகமில்லை. படுக்கையில் படுக்கிறாளா? உங்கள் பாதம்தான் அவளுக்கு வசதி என்று நினைக்கிறேன்.

அதே ஆய்வில் இன்னொரு கதையும் உண்டு. இந்த முறை நிர்வாகியின் முன் இருப்பவர்கள் இரண்டு சிறுவர்கள், ஒருவனைத்தான் காப்பாற்ற முடியும். இங்கே நெடுநேரம் யோசித்த நிர்வாகியை மக்கள் உயர்வாக மதித்தார்கள், அவசரப்பட்டவரை அல்ல. ஒரு பக்கம் உயிரும் மறுபக்கம் வெறும் பணமும் இருந்தால் யோசிப்பதே பாவமாகத் தெரிகிறது, இரண்டு பக்கமும் உயிர் என்றால் யோசிக்காமல் இருப்பதுதான் பாவமாகத் தெரிகிறது. உங்கள் தாளின் மறுபக்கத்தில் என்ன இருந்தது? எண்ணாக எழுதியிருப்பீர்கள். அந்த எண் உங்கள் மனைவியின் நிம்மதி, மகளின் அடுத்த வகுப்பு. நீங்கள் அனுபவித்தது இரண்டாவது கதை, உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொண்டிருக்கும் தண்டனை முதல் கதைக்கு உரியது. பதினாறு வருடம் கணக்கு எழுதியவர் ஒரு தொகையைக் கேட்டதும் தாளை எடுத்தார். இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, கணக்கென்றே வைத்துக்கொண்டு பார்ப்போம். அந்தக் கணக்கு சரியாகவும் இல்லை. உங்களிடம் குறைவது மாதா மாதம் வர வேண்டிய வருமானம். அவர் தருவது ஒருமுறை வரும் பணம். ஒன்பதாவது மாதம் தவணையும் இருக்கும், பொம்மு இருக்க மாட்டாள். கடன் கொடுத்த இடத்துக்கு நேரில் போய், வேலை போனதைச் சொல்லித் தவணையைக் குறைக்கவோ தள்ளி வைக்கவோ கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நாயை விற்கலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனவர் இதைக் கேட்கத் தயங்கியிருக்கிறார் என்றால், தடுத்தது வெட்கமாகத்தான் இருக்க வேண்டும்.

பொம்மு உங்களைப் பிரிந்தால் ஏங்கியே செத்துவிடுவாள் என்று நான் பயமுறுத்தப் போவதில்லை. நாய் தன் மனிதரிடம் கொள்ளும் ஒட்டுதல் குழந்தை தாயிடம் கொள்வதைப் போன்றது என்று ஹங்கேரி ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். அதே நாட்டில் 2001இல் வெளியான இன்னோர் ஆய்வில், காப்பகத்தில் இருந்த வளர்ந்த நாய்கள், பத்துப் பத்து நிமிடமாக மூன்றே முறை பழகிய புதியவரிடம்கூட ஒட்டிக்கொள்ளத் தொடங்கின. பிரிவு அவளுக்கு வலிக்கும், சில வாரங்கள் சாப்பாடு இறங்காமல் போகலாம், பிறகு பழகிக்கொள்வாள். இதை ஆறுதலாகவும் எடுத்துக்கொள்ளலாம், எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளலாம். யாரிடம் விட்டாலும் அவள் அவரை நம்பிவிடுவாள்.

அதனால் எவ்வளவு என்பதைவிட எதற்கு என்பதுதான் அந்த மனிதரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நல்ல இன நாய்களை வளர்ப்பவர், ஐந்தை நெருங்கும் பெண் நாய்க்கு எட்டு மாதத் தவணை அளவு பணம் தருகிறார் என்றால் அவர் பார்ப்பது பொம்முவின் குணத்தை அல்ல, அவள் ஈனப்போகும் குட்டிகளை என்றே எனக்குப் படுகிறது. போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் அடுத்தடுத்து ஈன வைப்பார். ஓரிரு வருடத்தில் அதுவும் முடிந்துவிடும். அதன் பிறகு அவள் அவருக்கு யார்? என் ஊகம் தவறாக இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் தெளிவாகப் பதில் சொல்லாதவரை, நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொடுக்க மாட்டேன்.

வேறொரு நிலைமை வரலாம். இன்னும் ஆறு மாதம் வேலை கிடைக்காமல், அவளுக்கு வைத்தியம் பார்க்கவும் முடியாமல் போனால், அவளை நன்றாக வைத்துக்கொள்ளும் வீட்டைத் தேடிக் கொடுப்பதில் குற்றமில்லை. அவளைப் பார்த்துவரும் கால்நடை மருத்துவருக்கு அப்படிப்பட்ட வீடுகள் தெரிந்திருக்கும். அவர்கள் ஏதாவது பணம் தந்தால் வாங்கிக்கொள்வதும் இழிவல்ல. ஆனால் அது அவளுக்காகத் தேடிய வீடாக இருக்க வேண்டும். இப்போது வந்திருப்பது அப்படி வரவில்லை.

இனி உங்களைப் பற்றி. ஒன்பது நேர்முகத் தேர்வு என்று எழுதியிருந்தீர்கள். ஐந்து மாதமாக உங்களுக்கு யாரும் விலை சொல்லவில்லை. உங்கள் வீட்டிலேயே, உங்கள் காலடியில் கிடந்தவளுக்கு ஒருவர் பெரிய விலை சொல்லிவிட்டார். அது உள்ளே எங்கோ குத்தியிருக்கலாம். அந்த வலிக்குப் பொம்மு காரணமில்லை, அவளை விற்பதும் அதற்கு மருந்தாகாது. வேலை போன துக்கத்தை நீங்கள் இன்னும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மகள் உங்களுக்குச் சிலை வைத்துவிட்டாள், மனைவி அதற்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறார். சிலையாக நிற்பது கால் வலிக்கும் வேலை. இன்று இரவு மகள் தூங்கிய பிறகு மனைவியிடம் மூன்றையும் சொல்லுங்கள்: நான்தான் கேட்டேன், அவர் சொன்ன தொகை இது, அன்று இரவு தாளில் கூட்டிப் பார்த்தேன். அவர் கோபப்படலாம், அழலாம். ஒருவேளை தானும் மனத்துக்குள் அதே கணக்கைப் போட்டதாகச் சொன்னாலும் எனக்கு ஆச்சரியமில்லை, தவணை அவருக்கும் தெரிந்ததுதானே. மகளிடம் தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பணம் முடை, பொம்முவின் செலவுகளையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். பேசி முடித்த மறுநாளே அந்த மனிதரை நீங்களே அழைத்துவிடுங்கள். முடிவு எதுவானாலும் அந்த அழைப்பின்போது மனைவி பக்கத்தில் இருக்கட்டும், குரலைத் தாழ்த்திப் பேசாதீர்கள். நடையையும் பழையபடி அரை மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் ஒரு மணி நேரத்தில் பத்தாவது விண்ணப்பத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்