வாசகர் கேள்விகள்: சூத்திரம் சரி, விடை ஏன் தவறு?

கேள்வி: 4 மீட்டர் ஸ்பேன் (தாங்கிகளுக்கு இடையிலான நீளம்) உள்ள எஃகு பீம், இரு முனையும் சிம்ப்ளி சப்போர்ட்டட் (தாங்கியின் மேல் அமர்ந்திருக்கும், முனை சுழல முடியும்). ஆழம் 200 மி.மீ., நிலைமத் திருப்புத்திறன் (குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு) 2 கோடி மி.மீ⁴. நடுவில் 20 கிலோ நியூட்டன் சுமை. தொய்வு 6,667 மி.மீ. என்று வருகிறது. பீமின் நீளத்தைவிடத் தொய்வு அதிகமாக இருக்குமா?

பதில்: இருக்காது. சரியான விடை 6.67 மி.மீ. சுமை × நீளத்தின் கனம் ÷ (48 × யங் குணகம் × நிலைமத் திருப்புத்திறன்) என்ற சூத்திரத்தைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். (யங் குணகம் என்பது பொருளின் விறைப்பு.) விடை மட்டும் 1,000 மடங்கு பெருத்திருக்கிறது. பிழை எங்கே என்று அந்த 1,000-மே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சுமையை 20,000 நியூட்டன் என்று எழுதிவிட்டு, யங் குணகத்துக்கு 200 போட்டிருக்கிறீர்கள். 200 ஜிகா பாஸ்கல் என்றால் ஒரு சதுர மி.மீ.க்கு 200 கிலோ நியூட்டன். 200 போட்டால் சுமை 20 ஆக வேண்டும். சுமை 20,000 என்றால் குணகம் 2,00,000 ஆக வேண்டும்.

விடை 10,000 மடங்கு தவறினால், பிரிவு அட்டவணையில் செ.மீ⁴-இல் இருந்ததை மி.மீ⁴ என்று எடுத்திருப்பீர்கள். நூறு கோடி மடங்கு சிறுத்தால், நீளத்தை மீட்டரிலேயே விட்டுக் கனம் எடுத்திருப்பீர்கள்.

தகைவையும் (ஓரலகு பரப்பில் வரும் விசை) பார்த்துவிடுங்கள். பெண்டிங் மொமென்ட் (பீமை வளைக்கும் திருப்புவிசை) = சுமை × நீளம் ÷ 4 = 2 கோடி நியூட்டன்-மி.மீ. அதை ஆழத்தில் பாதியான 100-ஆல் பெருக்கி, நிலைமத் திருப்புத்திறனால் வகுத்தால் 100 நியூட்டன்/மி.மீ². இதில் பீமின் சொந்த எடை சேரவில்லை. மேல் ஃபிளாஞ்ச் (பீமின் மேல் விளிம்புத் தகடு) பக்கவாட்டில் நகராமல் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். பிடிப்பில்லாத மெலிந்த பீம், தகைவு குறைவாக இருக்கும்போதே முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் சாயும். வளைவுத் தகைவுச் சூத்திரம் அதைச் சொல்லாது.

கேள்வி: அதே பீமை இரு முனையும் ஃபிக்ஸட் (சுழலாமல் பிடிக்கப்பட்டது) என்று எடுத்தால் மொமென்ட் பாதி, தொய்வு கால்பங்கு என்று அட்டவணை காட்டுகிறது. முனைகளை போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறோம். எந்த வரிசையை எடுப்பது?

பதில்: போல்ட் போட்டதாலேயே முனை ஃபிக்ஸட் ஆகிவிடாது. வெப்பை (பீமின் நடுச் செங்குத்துத் தகடு) மட்டும் ஒரு கிளீட்டில் (சிறு இணைப்புத் துண்டு) இரண்டு போல்ட்டால் பிடித்திருந்தால் முனை சுழலும். அதை சிம்ப்ளி சப்போர்ட்டட் என்றே எடுங்கள். மேல், கீழ் ஃபிளாஞ்ச் இரண்டும் பிடிபட வேண்டும். தாங்குகிற தூணும் திரும்பாத அளவுக்கு விறைப்பாக இருக்க வேண்டும். இரண்டும் அமைந்தால்தான் ஃபிக்ஸட் வரிசை பொருந்தும்.

பெரும்பாலான இணைப்புகள் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கும். அப்போது இரண்டு வரிசைகளையும் பயன்படுத்துங்கள். ஸ்பேனின் நடுப்பகுதிக்கும் தொய்வுக்கும் சிம்ப்ளி சப்போர்ட்டட்; முனை இணைப்புக்கு ஃபிக்ஸட் மொமென்ட், அதாவது சுமை × நீளம் ÷ 8. கான்கிரீட்டில் இதை விட்டுவிட்டால் விளைவு கண்ணுக்கே தெரியும்: கணக்கில் முனை மொமென்ட் பூஜ்யம் என்று மேல் கம்பி வைக்காமல் விடுவார்கள், தாங்கியின் ஓரத்தில் மேற்பரப்பு வெடித்து நிற்கும்.

கேள்வி: அழுத்தத்தில் இருக்கும் மெல்லிய எஃகு உருளைக் கலத்தில் ஸ்ட்ரெயின் கேஜ் (திரிபை, அதாவது நீள மாற்றத்தின் பங்கை அளக்கும் கருவி) ஒட்டினோம். சுற்றளவுத் திசையில் 425, நீளத் திசையில் 100 மைக்ரோஸ்ட்ரெயின் (ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் என்பது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்). யங் குணகத்தால் பெருக்கினால் 85, 20 என்று தகைவு வருகிறது. சுற்றளவுத் தகைவு நீளத் தகைவைப்போல் இரு மடங்குதானே இருக்க வேண்டும்?

பதில்: இரு மடங்குதான். உண்மைத் தகைவுகள் 100, 50 நியூட்டன்/மி.மீ². திரிபை யங் குணகத்தால் பெருக்குவது, ஒரே திசையில் இழுபடும் கம்பிக்கு மட்டுமே செல்லும். கலத்தின் சுவர் இரண்டு திசையிலும் இழுபடுகிறது. ஒரு திசை இழுவை மறு திசையைச் சுருக்கப் பார்க்கும். எஃகுக்குப் பாய்சான் விகிதம் (இழுபடும் திரிபுக்குக் குறுக்கே சுருங்கும் பங்கு) 0.3. எனவே மறு திசைத் திரிபில் 0.3 பங்கை இந்தத் திசைத் திரிபோடு கூட்டி, யங் குணகத்தால் பெருக்கி, 1 − 0.09 = 0.91-ஆல் வகுக்க வேண்டும்.

சுற்றளவுக்கு 425 + 30 = 455; 455 × 0.2 ÷ 0.91 = 100. நீளத்துக்கு 100 + 127.5 = 227.5, விடை 50. (0.2 என்பது ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு எஃகில் வரும் தகைவு.) நீங்கள் போட்ட கணக்கில் நீளத் தகைவு உண்மையில் பாதிகூட இல்லை, அதுவும் ஆபத்தான பக்கம்.

வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 12 மைக்ரோஸ்ட்ரெயின் விரியும். 10 டிகிரி ஏறினால், கட்டில்லாத கம்பியில் திரிபு 120, தகைவு பூஜ்யம். அதே கம்பியின் இரு முனையையும் அசையாமல் பூட்டிவிட்டால் நீளம் மாறாது. ஆனால் 24 நியூட்டன்/மி.மீ² அமுக்கத் தகைவு ஏறியிருக்கும். சுமை ஏற்றும் முன்பும் பின்பும் ஒரே வெப்பநிலையில் அளவெடுங்கள். முடியாவிட்டால் சுமையில்லாத அதே எஃகுத் துண்டில் இன்னொரு கேஜ் ஒட்டி ஈடுசெய்யுங்கள்.

கேள்வி: 100 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் உள்ள தகட்டின் நடுவில் 20 மி.மீ. துளை. 80 கிலோ நியூட்டன் இழுவை. துளை ஓரத்தில் தகைவு 3 மடங்கு என்கிறார்களே, எதைப் பெருக்குவது?

பதில்: 3 என்பது துளையைவிட மிக அகலமான தகட்டுக்கு, துளையைக் கழிக்காத முழுப் பரப்பின் தகைவை வைத்துச் சொல்வது. உங்கள் தகட்டில் துளை அகலத்தில் ஐந்தில் ஒன்று. மீதிப் பரப்பு 800 மி.மீ², தகைவு 100. அதன்மேல் ஏறக்குறைய 2.5 மடங்கு, ஆக 250 நியூட்டன்/மி.மீ². இதே 2.5-ஐ முழுப் பரப்பின் 80-ஓடு பெருக்கினால் 200 என்று குறைத்துக் காட்டிவிடும். வரைபடத்தின் மடங்கு எந்தப் பரப்புக்கு என்று முதலில் பாருங்கள்.

மென்மையான எஃகில் நிலையான சுமை என்றால் துளையோரம் சற்று இளகித் தகைவைப் பகிர்ந்துகொள்ளும். மீதிப் பரப்பின் சராசரி போதும். சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கினாலோ, பொருள் வார்ப்பிரும்பு, கண்ணாடி போல நொறுங்கக்கூடியது என்றாலோ 250-ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். விரிசல் அந்த ஓரத்தில்தான் தொடங்கும்.