காலனியைத் தொடங்கியவரே எழுதிய பதிவை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: ஒரு காலனியை நிறுவியவர்களில் ஒருவரே நேரடியாக எழுதிவைத்த பதிவு ஏதாவது உண்டா? அதை நம்பிப் படிக்கலாமா?

உண்டு. வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதிய பிளிமத் குடியேற்றத்தின் வரலாறு. 1620-ல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் கிளம்பி, இன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலமாக இருக்கும் பகுதியில் போய் இறங்கிய 102 பேரில் அவரும் ஒருவர். மறு ஆண்டே ஆளுநரானார். அதற்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகள் அந்தப் பொறுப்பு அவர் கையில்தான் இருந்தது. 1630-ல் எழுத ஆரம்பித்து, இருபது வருடத்துக்கும் மேலான கதையைத் தன் கைப்பட எழுதியிருக்கிறார்.

என் கருத்து இது: பசி, நோய், கடன், வேலை பற்றி அவர் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். நிலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். ஆனால் அப்படிக் கவனமாகப் படிக்கத் தேவையான சாட்சியத்தையும் அவரேதான் எழுதிவைத்திருக்கிறார். அதனால்தான் இந்தப் பதிவின் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

முதல் குளிர்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்துப்போனார்கள். சில நாட்களில் இரண்டு மூன்று சாவுகள். நடமாடும் நிலையில் இருந்தவர்கள் ஆறேழு பேர்தான். அவர்கள்தான் விறகு வெட்டி, நெருப்பு மூட்டி, சமைத்து, நோயாளிகளின் அழுக்குத் துணிகளைத் துவைத்து, படுக்கையை விரித்துக் கொடுத்தார்கள் என்று பிராட்ஃபோர்டு வேலை வேலையாக அடுக்குகிறார். படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷும் அதில் ஒருவர். தானும் நோயில் விழுந்து ஸ்டாண்டிஷின் பணிவிடையைப் பெற்றதாகப் பிராட்ஃபோர்டு நன்றியோடு எழுதுகிறார். ஆனால் கரை சேர்ந்த சில வாரங்களில் கடலில் விழுந்து இறந்துபோன தன் மனைவி டோரத்தியைப் பற்றி நூலின் ஓட்டத்தில் ஒரு சொல் கிடையாது. கடைசியில் சேர்த்த பயணிகள் பட்டியலில், வந்த கொஞ்ச நாளில் இறந்தார் என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. ஊர் துயரத்தை விரிவாக எழுதியவர் தன் துயரத்தை எழுதவில்லை.

அப்புறம் நிலம். கப்பலிலிருந்து பார்த்த கரையை, காட்டு மிருகங்களும் காட்டு மனிதர்களும் நிறைந்த பாழ்வெளி என்று வர்ணிக்கிறார். ஆனால் குடியேற இடம் தேடிப் போன பகுதியில், அங்கே சோள வயல்களும் சின்னச் சின்ன ஓடைகளும் இருந்ததால்தான் அந்த இடம் பிடித்தது என்று அவரே சொல்கிறார். பாழ்வெளியில் வயல் எப்படி வந்தது? அது பட்டுக்செட் என்ற ஊர். வாம்பனோவாக் என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்து, உழுது, விளைவித்த ஊர். 1616 தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகள் அந்தக் கடற்கரையில் பரவிய கொள்ளைநோய் அதைத் துடைத்துவிட்டிருந்தது. 1621-ல் உள்நாட்டுக்குப் போன குடியேறிகள், வீடுகள் இருந்த இடங்களில் புதைக்க ஆளில்லாமல் எலும்புகளும் மண்டையோடுகளும் கிடப்பதைக் கண்டார்கள். அதையும் மறைக்காமல், பார்க்கச் சகிக்காத காட்சி என்று பதிந்திருக்கிறார்.

அவர்களுக்குச் சோளம் விதைக்கவும், மீனை எருவாகப் போடவும் கற்றுக்கொடுத்த டிஸ்குவாண்டம் அந்த ஊர்க்காரர். 1614-ல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரைக் கடத்தி ஸ்பெயினுக்குக் கொண்டுபோய் விற்கப் பார்த்தான். இங்கிலாந்து வழியாக எப்படியோ திரும்பி வந்தால், சொந்த ஊரில் ஒருத்தரும் உயிரோடு இல்லை. அவர் போட்டுக் காட்டிய முதல் விதையே, கப்பல் முதலில் நின்ற கேப் காட் பகுதியில் மண்ணுக்குள் கூடைகளில் புதைத்திருந்ததைக் குடியேறிகள் தோண்டி எடுத்த சோளம்தான். அது கிடைத்திருக்காவிட்டால் பட்டினிதான் என்று பிராட்ஃபோர்டு ஒப்புக்கொள்கிறார். ஆறு மாதம் கழித்து உரியவர்களுக்கு ஈடு கொடுத்ததாகவும் எழுதுகிறார்.

பணக் கணக்கிலும் இதே நேர்மை. லண்டன் வணிகர்கள் போட்ட முதலில்தான் பயணமே நடந்தது. பதிலுக்கு ஏழு வருடம் எல்லாருடைய உழைப்பும் பொது. 1621-ல் ஃபார்ச்சூன் என்ற கப்பலில் பலகைகளும் பீவர் தோல்களும் ஏற்றி அனுப்பினார்கள். சுமார் 500 பவுண்டு பெறுமானம். பிரெஞ்சுக்காரர்கள் வழியில் மறித்துப் பிடுங்கிக்கொண்டார்கள். 1623-ல் பொது வயல் முறையைக் கைவிட்டு, சோளம் பயிரிடக் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் பிரித்துக் கொடுத்தபோது, அதுவரை வயலுக்கு வர மறுத்த பெண்கள்கூடக் குழந்தைகளோடு வந்து விதைத்தார்கள் என்கிறார். இந்தப் பத்தியை மட்டும் பிய்த்தெடுத்து அரசியல் வாதத்துக்குப் பயன்படுத்துபவர்கள் அதிகம். தயவுசெய்து முன்னும் பின்னும் சேர்த்துப் படியுங்கள். வெறும் சொத்துரிமைப் பிரச்சினை அல்ல அது. கடனும் பசியும் கழுத்தை நெரித்த நேரம்.

1637-ல் பீக்குவாட் என்ற பழங்குடியினரின் மிஸ்டிக் ஊரை ஆங்கிலேயர்கள் கொளுத்தியதை எழுதும் பக்கம் என்னால் இன்றும் சகிக்க முடியாதது. சுமார் 400 பேர் செத்தார்கள் என்கிறார். எரிந்த உடல்களின் நாற்றத்தையும் சொல்லிவிட்டு, கடவுளுக்கு நன்றி செலுத்துகிறார்கள் என்று முடிக்கிறார். அதே மனிதர் 1634-ல் அம்மை நோயில் கனெக்டிகட் ஆற்றங்கரையில் பழங்குடியினர் எழுந்து விறகு பொறுக்கவும் முடியாமல், தங்கள் மரத்தட்டுகளையும் வில் அம்புகளையும் எரித்துக் குளிர்காய்ந்ததை இரக்கத்தோடு எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒரே கை எழுதியது. ஒன்றை வைத்து மற்றொன்றை அழித்துவிடக் கூடாது.

படிக்க விரும்பினால், பழைய எழுத்துக்கூட்டலோடு மல்லுக்கட்ட வேண்டாம். சாமுவேல் எலியட் மோரிசன் எழுத்துக்கூட்டலை நவீனப்படுத்தி 1952-ல் வெளியிட்ட பதிப்பு சுலபமாக இருக்கும். முதலில் 1620 முதல் 1623 வரையிலான பகுதியைப் படியுங்கள். அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) நாளின் தொடக்கமாகச் சொல்லப்படும் 1621 விருந்தை அதில் தேடிப் போகாதீர்கள். அந்த இலையுதிர்கால அறுவடையையும் காட்டு வான்கோழிகளையும் சொல்கிறாரே தவிர, விருந்தை விவரிக்கவில்லை. அதற்கு அவரோடு கப்பலில் வந்த எட்வர்டு வின்ஸ்லோ எழுதிய கடிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.